மூணாவது வரி விம்மல்

— ஃபேனை எதுக்குக்கா அணைச்சே? வேர்த்து ஊத்துது.

— நானா அணைச்சேன்? அந்த ரேடியோக்காரப் பொண்ணு போன்ல சொன்னா. ஃபேன் சத்தம் மைக்ல ஏறுமாம். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கி வெக்கச் சொன்னா. நாலு மணிக்கு நேரடியா போகுது, ஒரு தடவை சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாதுன்னா.

— உள்ள இருக்கிற பால் திரிஞ்சு போகும்.

— போகட்டும். நீ வந்து உக்காருடி குட்டி. நீ நின்னுக்கிட்டே பேசினா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து பிடிச்சுக்குது.

— நான் இப்படியே உன் அலமாரியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். போன தடவை வந்தப்ப இந்த வெள்ளித் தட்டு மூலையில கிடந்துச்சு. இப்ப நடுவுல வந்துடுச்சு.

— அந்தப் பாட்டுக்குக் கிடைச்சது அது. இன்னிக்கு அந்தப் பாட்டுக்கு இருபத்தஞ்சு வயசு. நடுவுல வெக்காம வேறெங்க வெப்பாங்க?

— வெச்சுக்கோ, வெச்சுக்கோ. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் மினுக்குது.

— ஆரம்பிச்சுட்டியா?

— மினுக்குதுன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?

— நீ சொல்றது எப்பவும் குத்தமா இருக்காது. சொல்ற விதத்துல ஒரு ஊசி இருக்கும். இங்க பாரு, உன்னை எதுக்கு வரச் சொன்னேன்னு ஞாபகம் இருக்குல்ல? அவளுக்கு சின்ன வயசுக் கதை ரெண்டு வேணுமாம். நான் மாடிப்படியில உக்காந்து பாடுவேன், நீ பிஸ்கட் டப்பாவில தாளம் போடுவே. அதைச் சொல்லு, போதும்.

— டப்பாவில தாளம் போட்டது நீ. பாடினது நான்.

— அப்படியா?

— அப்படித்தான். அம்மா உன்னை அடிச்சது கூட அந்த டப்பா நசுங்கினதுக்குத்தான்.

— சரி, மாத்திச் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்? பாடகி டப்பா தட்டினான்னு சொன்னா கேக்கவா நல்லா இருக்கு?

— அதானே. உனக்கு கேக்க நல்லா இருக்கணும். வேற என்ன கேப்பா அந்தப் பொண்ணு?

— வழக்கமானதுதான். முன்னிசையில வர்ற கொலுசு யாரு வாசிச்சதுன்னு.

— கொலுசு எங்க வந்துச்சு? தாளக்காரரோட ஸ்கூட்டர் சாவிக்கொத்து அது. கொலுசு கொண்டு வர மறந்துட்டு, மியூசிக் மாஸ்டர் திட்டுவாருன்னு சாவியைக் குலுக்கினாரு.

— அதைச் சொல்லலாம், சிரிப்பாங்க. அப்புறம் மாஸ்டருக்கு அந்த மெட்டு எப்படி வந்துச்சுன்னு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, கதவு திறக்கறதுக்குள்ள மொத்த மெட்டையும் போட்டுட்டாருன்னு.

— மாஸ்டருக்கு லிஃப்டுன்னாலே பயம். ஸ்டுடியோவுக்கு ஏழு மாடியும் மூச்சு வாங்க ஏறி வருவாரு. வந்து முதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிப்பாரு.

— ஐயோ, உன்னை வெச்சுக்கிட்டு ஒரு கதை சொல்ல முடியாதே. அப்புறம் கேப்பா பாரு, மூணாவது வரி விம்மலப் பத்தி. அதைக் கேக்காம ஒருத்தரும் எழுந்து போனதில்ல.

— அதுக்கு இந்தத் தடவை என்ன வெச்சிருக்கே? போன தடவை டிவியில, பாடும்போது செத்துப் போன அப்பா ஞாபகம் வந்துச்சுன்னு கண்ணைத் துடைச்சே. பாட்டு வந்து பதினோரு வருஷம் கழிச்சுத்தான் அப்பா போனாரு. அன்னிக்கு அவரு இடிச்ச புளி மாதிரி வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. அதுக்கு முன்னாடி ஒரு பத்திரிகையில, கிளம்பும்போது அத்தானோட சண்டைன்னு சொன்னே. அத்தான் ஒரு அப்பிராணி. அவரோட சண்டை போட ஆளை வாடகைக்குத்தான் எடுக்கணும்.

— அந்த மனுஷன் போய் மூணு வருஷம் ஆச்சு. அவரை இழுக்காதே.

— சரி, இழுக்கல. ஆனா கேட்டுக்கோ. இந்தத் தடவை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறேன்.

— நீயா? நீ என்ன சொல்லுவே?

— அந்த வரியில இருக்கிறது உன் குரல் இல்லன்னு. என் குரல்னு.

— வெயில்ல நடந்தா வந்தே?

— கிண்டல் பண்ணாதே.

— இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். மோர் இருக்கு, தரட்டுமா?

— நீ அப்ப வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தே. படப்பிடிப்புக்குப் பாட்டு உடனே வேணும், கதாநாயகி வாயசைச்சு நடிக்கணும். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு டிராக் பாட வெச்சாரு. முழுப் பாட்டையும் நான் பாடினேன். டிராக் பாடறவ பொழப்பு என்ன, பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சு வெக்கிற பொழப்பு. பெரிய பாடகி வந்ததும் எழுந்து இடத்தைக் குடுத்துடணும். குடுத்தேன். எனக்கு அதுல வருத்தமில்ல.

— இல்லவே இல்ல, பாவம்.

— சரி, இருந்துச்சு. வயிறெரிஞ்சேன். போதுமா? நான் பாடின எத்தனை பாட்டை நீ வந்து அழிச்சிருக்கே, எண்ணிப் பாரு. ஆனா அந்தப் பாட்டுல ஒரு வரியை அவங்க மாத்த மறந்துட்டாங்க. மூணாவது வரி. அங்க மூச்சு தடுக்கினது நான்.

— யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? என் மூச்சு எனக்குத் தெரியாதா? பாட்டு வந்த புதுசுல பஸ்ல போயிட்டிருந்தேன். டிரைவர் ரேடியோ வெச்சிருந்தாரு. அந்த வரி வந்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'எப்படிப் பாடியிருக்கா பாரு மகராசி'ன்னாங்க. அது நான்தாங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். வீடு வர்ற வரைக்கும் அழுதேன்.

— இருபத்தஞ்சு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என் வீட்டுக்கு வந்து போயிட்டிருந்தே?

— வேற எங்க வெக்கிறது? என் பொண்ணுக்கு காலேஜ்ல இடம் உன்னால கிடைச்சுது. எங்க வீட்டுக்காரருக்கு வேலை உன் ஒரு போன்ல கிடைச்சுது. உன் வீட்டுச் சோத்தைத் தின்ன வாயால உன்னை எப்படிக் கேக்கறது?

— இப்ப மட்டும் எப்படி வாய் வந்துச்சு?

— போன வாரம் வந்துச்சு. என் பாட்டு கிளாஸுக்கு பேங்க்ல வேலை பாக்கிற பொண்ணு ஒருத்தி வர்றா. அந்தப் பாட்டைச் சொல்லிக் குடுத்தேன். மூணாவது வரி வந்ததும் தடுக்கிக் காட்டினேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'நல்லாத்தான் இருக்கு மிஸ், ஆனா ஒரிஜினல் மாதிரி வரல'ன்னா.

— ம்.

— என் மூச்சையே நான் சரியா விடலையாம். சிரிக்கிறியா?

— சிரிக்கலடி.

— உதடு கோணுது. சரி, உன்னையே ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம பதில் சொல்லு. மேடையில அந்த வரி வந்தா மைக்கை ஏன் கூட்டத்துப் பக்கம் நீட்டுறே? 'எங்க மேல அவ்வளவு பாசம், எங்களைப் பாட வெக்கிறாங்க'ன்னு ஜனங்க உருகுறாங்க. இத்தனை வருஷத்துல ஒரு மேடையில, ஒரே ஒரு மேடையில, நீ அந்த வரியைப் பாடி நான் பாத்ததில்ல. ஏன்னா உனக்கு அது வராது. உன்னோடதா இருந்தாத்தானே வரும்.

— அப்படின்னு நினைச்சுக்கிட்டியா?

— நினைக்க என்ன இருக்கு? பாடு பாக்கலாம். இப்ப. இங்க.

— இப்ப எதுக்கு?

— ஏன், தொண்டை கட்டியிருக்கா? ரெண்டு தடவை வெந்நீர் குடிச்சாச்சு. பாடு.

— குட்டி, வேணாம்.

— பாத்தியா? வராது. இதைத்தான் அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லப் போறேன். அக்காவைப் பாடச் சொல்லுங்கன்னு. நேரடியா போகுதுல்ல, ஊரே கேக்கட்டும்.

— *சாத்தாத கதவு ஒண்ணு*... ஹ்... *உனக்காக.*

— இன்னொரு தடவை பாடு.

— *சாத்தாத கதவு ஒண்ணு*... ஹ்... *உனக்காக.*

— அக்கா.

— ம்.

— இது அதுதான். ரேடியோவில வர்றது. அச்சு அசலா அதுதான்.

— வேற எப்படி இருக்கும்? பாடினவ நான்.

— அப்ப நான் பாடினது?

— அழிச்சாச்சு. அதே டேப்புல, உன் குரல் மேலதான் நான் பாடினேன். ஒரு வரி விடாம. டிராக்குன்னா அதுதானே, உனக்குத் தெரியாததா?

— ஆனா அந்தத் தடுக்கல் என்னோடது. அது எனக்கு நிச்சயமா தெரியும்.

— உன்னோடதுதான். அதை நான் இல்லேன்னு சொல்லல. வெளிநாட்டுலேருந்து வந்து இறங்கினேன், மாஸ்டர் உன் டிராக்கை ஒரு கேசட்டுல போட்டுக் குடுத்து, 'தங்கச்சி மூணாவது வரியில ஒரு காரியம் பண்ணியிருக்கா, கேட்டுட்டு வா'ன்னாரு. அவரு வாயிலேருந்து என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்ல. நல்லா இருக்கும்மா, சரியா இருக்கும்மா, அவ்வளவுதான். உன்னைச் சொல்லும்போது மட்டும் அந்த மனுஷன் முகம் மலர்ந்துச்சு.

— என்கிட்ட அவர் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்ல மாட்டாரு. என்கிட்ட சொன்னாரு. மூணு நாள் தூங்கல நான். இதே ரூம்ல, ரீவைண்ட் பட்டன் தேயத் தேய அந்த ஒரு வரியைக் கேட்டேன். அந்த இடத்துல எப்படித் தடுக்கணும்னு இவளுக்கு எப்படித் தோணுச்சு, எனக்கு ஏன் தோணல? அதுதான் என்னை அரிச்சுது. உன் மேல வந்த எரிச்சல்ல சாப்பாடு இறங்கல. அப்புறம் காப்பியடிச்சேன். எனக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டே, எதையும் அரைகுறையா எடுக்க மாட்டேன். எவ்வளவு காத்து உள்ள போகுது, எங்க நிக்குது, எங்க உடையுது, மயிரிழை பிசகாம எடுத்தேன். உனக்கே வித்தியாசம் தெரியாத அளவுக்கு.

— அதுக்குத்தான் இந்தத் தட்டு.

— அதுக்கேதான்.

— அப்ப மேடையில ஏன் பாடல?

— நீ முதல் வரிசையில வந்து கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பியே. இரவல் நகையைப் போட்டுக்கிட்டு, குடுத்தவ முன்னாடியே நடக்கச் சொன்னா கால் வருமா?

— நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இது உன்கிட்டேருந்து எடுத்தது'ன்னு என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருக்கலாம். வாய் வரல. உன்கிட்ட எல்லாம் இருந்துச்சு, அதையும் சொல்லி இன்னும் எதுக்கு ஏத்தி விடணும்னு இருந்துச்சு.

— என்கிட்டயா? என்கிட்ட என்ன இருந்துச்சு? ரெண்டு ரூம் வீடு, ஒழுகுற குழாய்.

— உன் பொண்ணு ஸ்கூல் விட்டு ஓடி வந்து உன் மேல ஏறுவாளே, அப்ப நீ 'ஐயோ, இடுப்பு போச்சு'ன்னு சலிச்சுக்குவே. அந்தச் சலிப்பைப் பாக்கும்போது உன்னை ஓங்கி அறையலாம்னு தோணும். எனக்கு அலமாரி இருக்கு. ராத்திரி தூக்கத்துல அது புரண்டு படுத்து என் மேல காலைப் போடுமா?

— அக்கா.

— எத்தனை டாக்டர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட எனக்கு நாள் தள்ளிப் போகல. அது அத்தானுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அத்தானும் போயாச்சு. சரி விடு, அதை விடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா மண்டையைக் குடையுது. கேட்டா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு கேக்காமலே இருந்தேன். அந்த இடத்துல ஏன் தடுக்கினே?

— வேணாம்க்கா.

— மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரா?

— இல்ல.

— நீயா யோசிச்சுப் பண்ணினியா?

— யோசிச்செல்லாம் பண்ணல. அது தானா வந்துச்சு. பாடிட்டிருக்கும்போது வயித்துல உதைச்சா.

— யாரு?

— என் பொண்ணுதான். அப்ப எனக்கு அஞ்சாம் மாசம்.

— அஞ்சாம் மாசமா? எனக்கு நீ ஏழாம் மாசம்தானே சொன்னே.

— நீ வெளிநாடு கிளம்பறதுக்கு முன்னாடிதான் மூணாவது டாக்டரைப் பாத்துட்டு வந்து கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்தே. உன் முன்னாடி வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து எப்படிச் சொல்றது? தொளதொளன்னு சட்டை போட்டுக்கிட்டு மறைச்சேன். அன்னிக்குத்தான் அவ முதல் முதலா அசைஞ்சா. 'ஒண்ணு'ன்னு இழுத்துக்கிட்டிருந்தேன், உள்ள ஒரு தட்டு. மூச்சு நின்னுடுச்சு. அப்புறம் மிச்சத்தைப் பாடினேன். அதைத்தான் எல்லாரும் விம்மல், விம்மல்ங்கறாங்க.

— நான் என்னென்னமோ நினைச்சேனே. ஏதோ துக்கம்னு. அதைப் பாடும்போது உலகத்துல இருக்கிற சாவையெல்லாம் நினைச்சுக்கிட்டேனேடி.

— எனக்குத் தெரியும். டிவியில பாத்தேனே.

— எந்தப் பக்கம் உதைச்சா?

— என்னது?

— வயித்துல. எந்தப் பக்கம்?

— இடது பக்கம். தொப்புள்லேருந்து ரெண்டு விரக்கடை தள்ளி.

— வலிச்சுதா?

— வலி இல்லக்கா. எப்படிச் சொல்றது... உள்ளேருந்து யாரோ கதவைத் தட்டின மாதிரி.

— கையை வெச்சுப் பாத்தியா?

— பாத்தேன். இடது கையால பாட்டுப் பேப்பரைப் பிடிச்சிருந்தேன், அதைக் கீழ போட்டுட்டேன். பேப்பர் விழுந்த சத்தம் கூட டேப்புல ஏறிடுச்சுன்னு மாஸ்டர் கத்தினாரு.

— பேப்பர் விழுந்துச்சு. சரி.

— என்ன முணுமுணுக்கிறே?

— ஒண்ணுமில்ல. மனசுல பதிய வெச்சுக்கிறேன். இங்க வா. பக்கத்துல உக்காரு. என்ன அப்படியே நிக்கிறே?

— தெரியல. சண்டை போடணும்னு வந்தேன். இப்ப என்ன பண்றதுன்னு புரியல. குரலும் என்னோடதில்லன்னு ஆயிடுச்சு.

— மூச்சு உன்னோடதுதானே.

— அதை யாரு நம்புவாங்க? நான் சொன்னா, அக்காக்காரி மேல பொறாமையில உளறுதுன்னு சொல்லுவாங்க. தப்பும் இல்ல, பொறாமைதான்.

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தக் கேள்வி வரட்டும், நானே சொல்லிடறேன். அப்பா செத்தது, அத்தானோட சண்டை, எல்லாத்தையும் இன்னிக்கு மூட்டை கட்டிடறேன். நடந்தது நடந்தபடி.

— நிஜமாவா?

— நிஜமா. வயித்துல உதைச்சதைச் சொல்லிடறேன். நீ பேசாம பக்கத்துல இரு, போதும்.

— உன் தட்டைத் திருப்பிக் கேப்பாங்க.

— கேட்டா குடுத்துடலாம். பெல் அடிக்குது பாரு, திறந்து விடு. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுப் போ.

— வணக்கம் மேடம், வணக்கம். சாரி, லேட் ஆயிடுச்சு, கீழ பார்க்கிங் கிடைக்கல. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆஃப் பண்ணிட்டீங்களா? சூப்பர். இவங்கதான் தங்கச்சி மேடமா? ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல உக்காருங்க, ஒரே மைக்தான். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இந்த சின்ன லைட் சிவப்பாச்சுன்னா நாம பேசறது ஊருக்கே போகுதுன்னு அர்த்தம். ஓகேவா?

— ஓகேம்மா.

— எனக்கும் ஓகே.

— தங்கச்சி மேடம், ஏன் உங்க கண்ணு சிவந்திருக்கு? டென்ஷனா?

— இல்லம்மா. ரொம்ப நாள் கழிச்சு அக்காவும் நானும் மனசு விட்டுப் பேசினோம்.

— அட, அதையே ஷோல சொல்லுங்க. ரெடியா? மூணு, ரெண்டு... வணக்கம் நேயர்களே! இருபத்தஞ்சு வருஷமா நம்ம எல்லாரையும் அழ வெச்ச அந்தப் பாட்டு, அதைப் பாடினவங்க வீட்டுலேருந்தே பேசிக்கிட்டிருக்கேன். பக்கத்துல அவங்க தங்கச்சியும் இருக்காங்க. மேடம், சுத்தி வளைக்காம நேரா கேட்டுடறேன். மூணாவது வரியில அந்த விம்மல். அப்பா ஞாபகம்னு ஒரு கதை, வீட்டுக்காரரோட சண்டைன்னு ஒரு கதை. இதுல எது உண்மை?

— ரெண்டும் இல்லம்மா. ரெண்டும் நானே கட்டி விட்டது. இன்னிக்கு உண்மையைச் சொல்லிடறேன்னு என் தங்கச்சிக்கு இப்பத்தான் வாக்குக் குடுத்தேன்.

— ஐயோ, எனக்குப் புல்லரிக்குது. அன்னிக்கு எதை நினைச்சு அழுதீங்க மேடம்?

— நான் அழவே இல்லம்மா. அப்ப எனக்கு அஞ்சாம் மாசம். யாருக்கும் தெரியாது, இதோ இவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் அது தங்கல. ஆனா அன்னிக்கு, அந்த வரியில, முதல் முதலா உதைச்சுது. இடது பக்கம், தொப்புள்லேருந்து ரெண்டு விரக்கடை தள்ளி. கையில இருந்த பேப்பர் கூட விழுந்துடுச்சு. உள்ளேருந்து யாரோ கதவைத் தட்டின மாதிரி இருந்துச்சும்மா.